நான் இல்லாத இரண்டு நாளும் நான் சாப்பிட்ட காலை உணவு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

முதியோர் இல்லத்து ஏழாம் அறை ஜன்னல் பக்கக் கட்டிலிலிருந்து உங்கள் மாமனார் சொல்லச் சொல்ல, கதவுப் பக்கக் கட்டில் குமாஸ்தா எழுதுவது. முழங்கால் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன். மாடிப்படிக் கைப்பிடியின் ஆட்டத்தைச் சரிசெய்திருந்தால் அதுவும் சௌக்கியமாக இருக்கும். குமாஸ்தா பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருஷம் எழுதியவர். நான் ‘சொல்றேன்’ என்றால் அவர் ‘தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று போடுகிறார். இதில் தாழ்மை எங்கே வந்தாலும் அது அவருடையது.

விஷயம், நீங்கள் மேனேஜரிடம் கொடுத்த புகார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு விசாரணை. அது முடிந்தால் எங்கள் மாடி சிஸ்டருக்கு வேலை போய்விடும் என்று சமையல்கட்டு வரைக்கும் பேச்சு. நீங்கள் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். சிஸ்டர் என்றால் வயசுப் பெண் இல்லை, ஐம்பத்திரண்டு ஆகிறது. என்ன கேட்டாலும் ‘பத்து நிமிஷம்’ என்பாள், அதனால் அவளுக்குப் பெயரே பத்து நிமிஷம். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதில் நான் ரொம்பப் பெருமைப்பட முடியாது, இந்த மாடியில் மட்டும் அவளுக்குப் பதினான்கு அப்பா.

நீங்கள் எழுதிக்கொடுத்ததில் ஒரு எழுத்துப் பொய் இல்லை, அதை நானே எங்கேயும் வந்து சொல்வேன். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறேகாலுக்கு உங்கள் காரில் ஏறினேன், முன்சீட்டில் ஒரு ஈரக் குடை கிடந்தது, அதை எடுத்துப் பின்னால் போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஐந்து இருபதுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டீர்கள். விட்டுவிட்டுப் பேசாமல் போகாமல், எங்களைப் பற்றி ஆளுக்கொரு பக்கம் தினமும் எழுதுகிற குறிப்பு நோட்டைக் கேட்டு வாங்கி என் பக்கத்தைப் புரட்டினீர்கள். சனிக்கும் ஞாயிறுக்கும் ஒரே மாதிரி நாலு வரி. ‘காலை உணவு முழுவதும் சாப்பிட்டார். வராந்தாவில் நடந்தார். நன்றாகத் தூங்கினார். புகார் எதுவும் இல்லை.’ நீங்கள் அதை வராந்தா முழுக்கக் கேட்கும்படி படித்தீர்கள். கோபம் நியாயம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த இரண்டு நாளும் உங்கள் வீட்டில் இருந்த நான் காலையில் அரைத் துண்டு ரொட்டிதான் தின்றேன், சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை, தலையணை, மின்விசிறி, பக்கத்து வீட்டு நாய் என்று மூன்று புகார் சொன்னேன். நோட்டில் இருந்த ஆள்தான் ஒழுங்கானவன். ‘அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாம்’ என்று என் மகளே சொன்னாள்.

ஐந்து மணிக்கு அவள் ஷிப்ட் முடியும். நாலு ஐம்பதுக்குத்தான் உட்காரவே நேரம் கிடைக்கும். பதினான்கு பக்கமும் நிரம்பியிருக்க வேண்டும். நேற்றைய வரியைப் பார்த்து இன்றைக்கு எழுதிவிடுவாள், அதைப் பார்த்து நாளைக்கு. தப்புதான். அந்தத் தப்புக்காக மேனேஜர் அவளை மூன்று நாள் வகுப்புக்கு அனுப்பினார். கண்ணால் கண்டதை எழுது, காதால் கேட்டதை எழுது, நீ செய்ததை எழுது, மணி போடு, மனசில் தோன்றியதை எழுதாதே என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் திரும்பி வந்த திங்கட்கிழமையிலிருந்து எனக்குப் பிடித்தது தொல்லை.

‘அப்பா, நடந்தீங்களா?’ என்றாள். நடந்தேன் என்றேன். எழுதினாள். என் பக்கம் ஆயிற்றே, வாங்கிக் குமாஸ்தாவைப் படிக்கச் சொன்னேன். ‘11.15. நடந்ததாகச் சொன்னார். நான் பார்க்கவில்லை. செருப்பு காலையில் நான் வைத்த இடத்திலேயே இருந்தது.’

‘என்னைப் பொய்யன்னு எழுதிட்டியா?’

‘பொய்யன்னு எங்கப்பா எழுதினேன்? செருப்பைப் பத்தித்தான் எழுதியிருக்கேன்.’

‘செருப்பு வந்து உங்கிட்ட சாட்சி சொல்லிச்சா?’

‘அது சும்மாதான் கிடந்துச்சு. அதைத்தான் எழுதினேன். வேணும்னா நீங்க சொல்றதையும் போடுறேன், சொல்லுங்க.’

போட்டாள் மாப்பிள்ளை. ‘11.20. செருப்பை நம்பாதே என்றார்.’ மறுநாள் அந்த வரிக்குப் பயந்தே வராந்தாவில் நாலு தரம் போய் வந்தேன். அதையும் எழுதினாள், மூன்று தரம் என்று. நாலாவது தரம் அவள் பார்க்கவில்லையாம்.

சரி, என் ஞாபகத்தோடு மோதிப் பார்க்கட்டும் என்று நானும் காத்திருந்தேன். கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் மூட்டை இறக்கும் மேஸ்திரியாக இருந்தவன் நான். எழுத்து தெரியாது, ஆனால் எந்த வரிசையில் எந்த மூட்டையை யார் போட்டான், எது ஓட்டை என்று இன்றைக்கும் சொல்வேன். புதன்கிழமை மாட்டிக்கொண்டாள். முழங்காலுக்கு மருந்து தேய்த்தது 3.40 என்று எழுதியிருந்தாள். ‘இல்லை, 3.25. அப்பத்தான் பால் வண்டி ரிவர்ஸ்ல வரும்போது பீப்பீன்னு கத்திச்சு’ என்றேன். அவள் மேலே மேலே எழுதி அமுக்கவில்லை, வெள்ளையும் பூசவில்லை. 3.40-ன் மேல் ஒரே ஒரு கோடு, பழையது தெரிகிற மாதிரி. பக்கத்தில் 3.25, தன் கையெழுத்து. கீழே, ‘நேரத்தைச் சொன்னவர் அவரே. பால் வண்டி வந்த நேரத்தை வாட்ச்மேனிடம் கேட்டு உறுதிசெய்தேன்.’ என் வார்த்தை ஒரு நோட்டில் ஏறியது இந்த எண்பத்தோரு வருஷத்தில் அன்றைக்குத்தான். குமாஸ்தாவை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். நாலாவது தரம் தூங்குவதுபோல் நடித்தார்.

இனி அவர் கதை. அவர் பக்கத்தை அவரே எனக்குப் படித்துக் காட்டியதால் சொல்கிறேன், அடுத்தவர் பக்கத்தைத் திருப்பினால் பத்து நிமிஷம் நோட்டைப் பிடுங்கிவிடுவாள். ஐந்து மாசமாக அவருக்கு ‘சோர்வு, எரிச்சல்’ என்றே எழுதி வந்தார்கள். இப்போது எழுதினாள்: ‘8.05 மாத்திரை கொடுத்தேன். 9.30 எழுந்து நிற்கும்போது கட்டில் கம்பியைப் பிடித்தார். அறை சுத்துது என்றார். உட்காரவைத்தேன். 9.40 சரியானது. தலைமை நர்ஸிடம் சொன்னேன்.’ நாலு நாள் இப்படியே, மணி மட்டும் கொஞ்சம் முன்னேபின்னே. நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற டாக்டர் அன்றைக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படித்தார், படித்துவிட்டு மாத்திரையை மாற்றினார். இப்போது குமாஸ்தா கம்பியைத் தொடாமல் சாப்பாட்டு அறைவரை தானே நடந்துபோய் எல்லோரிடமும் சண்டை போடுகிறார். ‘சண்டை’யை ‘கருத்துப் பரிமாற்றம்’ என்று மாற்றச் சொல்கிறார். முடியாது என்றுவிட்டேன்.

மாப்பிள்ளை, கிடங்கில் மூட்டைக்கு நம்பர் உண்டு, தூக்கியவனுக்குக் கிடையாது. இப்போது என்னைப் பற்றித் தினமும் ஒன்பது வரி. ‘முழங்கால் வலிக்கிறதா என்றதற்கு இல்லை என்றார். எழும்போது முகத்தைச் சுளித்தார், இடது கையை ஊன்றினார்.’ உங்கள் மாமியார் நாற்பத்தாறு வருஷத்தில் கண்டுபிடிக்காத சங்கதி இது. இங்கே பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், வந்ததுதான் வந்தீர்கள், என் பக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள் என்கிறேன். நீங்கள் லிப்ட் சோதிக்கிற உத்தியோகம். கயிறு பழுது என்றால் கயிற்றைச் சரிசெய்யச் சொல்வீர்களா, கட்டடத்தை இடிக்கச் சொல்வீர்களா? கயிறு மாற்றியாகிவிட்டது. பத்து நிமிஷம் தங்கமான பொம்பளை. இந்தக் கட்டடமே அவளால்தான் நிற்கிறது. அவள் மாதிரி எழுத உலகத்தில் ஆள் கிடையாது. அவளை அனுப்பினால் நான் சோற்றில் கை வைக்கமாட்டேன், இது சத்தியம். ஆகவே பெரிய மனசு பண்ணிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்களும் என் மகளும் குறைவில்லாமல், நோயில்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் பாதியாவது காதில் வாங்கிக்கொண்டு நீடூழி இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
(இடது பெருவிரல் ரேகை. மை கொஞ்சம் பரவிவிட்டது.)

பின்குறிப்பு: குமாஸ்தா முழுக் கடிதத்தையும் திரும்பப் படித்துக் காட்டினார். வகுப்பில் சொன்ன கணக்குப்படி இது தேறாதாம். தங்கமான பொம்பளை என்பது மனசில் தோன்றியது. கட்டடம் நிற்பது கம்பியால், சிமெண்டால். உலகத்தில் எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. சோற்றில் கை வைக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு மதியம் இரண்டு தட்டு சாப்பிட்டதை அவரே கண்ணால் பார்த்தாராம். யோசித்தால் அவர் சொல்வது சரி. ஆகவே என் கெஞ்சல் உட்பட, மேலே உள்ள எல்லாவற்றின் மேலும் ஒரே ஒரு கோடு போட்டுவிடுங்கள், பழையது தெரிகிற மாதிரி. புகாரைத் திரும்ப வாங்கவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு முன்னால் வந்து நோட்டை நீங்களே படியுங்கள். நான் கண்டது, கேட்டது இவ்வளவுதான்:

இன்று செவ்வாய். மாலை 4.10. சிஸ்டர் வந்தாள். ‘வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யார் வருவாங்கன்னு தெரியலைப்பா, இன்னிக்கே வெட்டிடறேன்’ என்று சொல்லி எனக்கு நகம் வெட்டினாள். பத்து விரலும். எட்டாவது விரலில் கை நடுங்கியது. யாருடைய கை என்று நான் பார்க்கவில்லை.