அளக்க அளக்க வளர்ந்த வீடு

நேற்று சாயங்காலம் மோனிஷா அளந்து முடித்த கற்பகத்தின் வீடு, இன்று காலையில் நாலடி வளர்ந்திருந்தது.

டேப்பின் ஒரு முனையைக் கல்லுக்கு அடியில் செருகிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை போய்ப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. நேற்று பின்சுவர் முடிந்த இடத்துக்கு அப்பால் பீன்ஸ் கொடி இருந்தது. இன்று அங்கே கிராண்டிஸ் மரக் கம்பு நட்டு, பலகை அடித்து, மேலே தகரம் போட்டு ஓர் அறை நின்றது. பீன்ஸ் கொடி இருந்த இடத்தில் இருந்தபடியே அறைக்குள் வந்திருந்தது.

"அத்தே, நேத்து இங்க ரூம் இல்லையே?"

"நேத்து இல்ல. இன்னைக்கு இருக்குல்லா? எழுதிக்கோ," என்றாள் கற்பகம், அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல்.

மோனிஷா கோயம்புத்தூரில் கட்டடக்கலை நாலாம் வருஷம் படிக்கிறாள். பாறைக்காடு தேயிலை எஸ்டேட் மேல் டிவிஷனில் கொழுந்து கிள்ளும் மாரித்தாய்க்கும், மருந்து அடிக்கும் பெரியமுத்துவுக்கும் ஒரே மகள். இதுவரை அவள் செய்த டிசைன்கள் எல்லாமே பெரிய பெரிய விஷயங்கள். முதல் வருஷம் 'மௌனத்தின் இல்லம்'. அதில் ஜன்னல் கிடையாது. அடுத்த வருஷம் ஒரு நூலகம். அதற்கு ஏழு வாசல், புத்தகம் வைக்கத்தான் இடமில்லை. அதற்கும் அடுத்த வருஷம் வானத்தோடு உரையாடும் சமுதாயக்கூடம் ஒன்று. உரையாடலுக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று கூரையை விட்டுவிட்டாள். ஒவ்வொரு மாடலையும் அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் மடியிலேயே சுமந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். மாரித்தாய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்.

"கக்கூஸ் எங்கட்டி?"

இந்த வருஷம் டிசைன் பாடம் எடுக்கும் ராஜசேகர் சார் எல்லாரையும் பிடித்து உலுக்கிவிட்டார். "இல்லாததை வரையறதுக்கு முன்னாடி இருக்கறதை வரையுங்க. ஜனங்க குடியிருக்கற ஓர் இடத்தை அப்படியே அளந்து கொண்டு வாங்க. அதுக்கு அப்புறம்தான் உங்க டிசைன். நானே நேர்ல வந்து டேப் வெச்சுப் பார்ப்பேன். தப்பா இருந்தா அடுத்த வருஷமும் என் மூஞ்சியையே பார்க்கணும்."

அடுத்த வருஷமும் சார் மூஞ்சி என்றால் இன்னொரு வருஷம் ஹாஸ்டல், இன்னொரு வருஷம் அப்பா மருந்து டிரம்மைத் தூக்குவது. அதனால்தான் மோனிஷா தெரிந்த இடமாக, பிறந்து வளர்ந்த லைனையே எடுத்துக்கொண்டாள். ஒரே நீளத் தகரக் கூரை. அதன் கீழே ஒட்டி ஒட்டிப் பத்து வீடு. வீட்டுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. கழிவறை எல்லாருக்கும் பொதுவாகப் பள்ளத்தில். வீடு கம்பெனியுடையது, சுவர் கம்பெனியுடையது. ஓர் ஆணி அடிப்பதானாலும் கம்பெனியைக் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். இப்படிப்பட்ட இடம் எங்கே மாறப்போகிறது? ராஜசேகர் சார் சனிக்கிழமை வருகிறார். திங்கட்கிழமையே அளந்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

செவ்வாய்க்கிழமை வீடு வளர்ந்துவிட்டது.

"அத்தே, நல்லாக் கேட்டுக்கோங்க. கம்பெனி புது வீடு கட்டித் தரப் போகுதுன்னு நெனச்சிட்டீங்களா? இது என் காலேஜ் படிப்புக்கு. இருக்கிறதை மட்டுந்தான் நான் எழுதுவேன். இல்லாததை எழுத மாட்டேன்."

"இருக்கிறதை எழுதுவ."

"ஆமா."

"எதெல்லாம் இருக்கோ அதெல்லாம்."

"ஆமா அத்தே."

கற்பகம் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ஏ, இருக்கிறதைத்தான் எழுதுவாளாம்! இல்லாதவங்க சீக்கிரம் பாத்துக்கோங்க!"

புதன்கிழமை காலையில் மேலும் மூன்று வீடுகள் வளர்ந்திருந்தன. சுடலைமணி மாமா வீட்டில் முன்பக்கம் ஒரு தாழ்வாரம் முளைத்திருந்தது. இத்தனை தகரமும் பலகையும் ஒரே ராத்திரியில் எங்கிருந்து வந்தன என்று மோனிஷா யோசிக்கவில்லை. கட்டுமானப் பொருள்கள் பற்றிய பாடம் அடுத்த செமஸ்டரில்தான் வருகிறது. வரைந்து வைத்திருந்த தாளைச் சுருட்டி வைத்துவிட்டு, புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அவள் அளந்துகொண்டிருந்தபோது மலையாளி பீல்டு ஆபீசர் ஜோமோன் பைக்கில் வந்தார். கம்பெனியின் கண்ணும் காதும் அவர்தான். போன வருஷம் சுடலைமணி மாமா கோழிக்குக் கூடு அடித்ததற்கே ஆள் விட்டுப் பிடுங்கியவர். மோனிஷாவுக்குத் திக்கென்றது. அவரோ பைக்கை நிறுத்தி, புதுத் தாழ்வாரத்தைப் பார்த்து, அவள் கையிலிருந்த டேப்பைப் பார்த்து, அவள் தலையிலிருந்த காலேஜ் தொப்பியைப் பார்த்தார்.

"நமஸ்காரம் மேடம். வேலை நடக்கட்டே," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போன தீபாவளி வரைக்கும் அவளை 'பெரியமுத்துவின்றெ மோளே' என்று கூப்பிட்ட மனுஷன்! படிப்புக்கு உள்ள மரியாதையே தனி என்று மோனிஷா நினைத்துக்கொண்டாள். அந்தக் கர்வத்தில் ஒரு ஜன்னலை அளக்காமல் விட்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் லைன் ஆட்களையெல்லாம் வாசலில் கூட்டினாள். பங்கேற்பு முறை வடிவமைப்பு என்று ஒரு பாடம் உண்டு. அதில் மக்களைக் கூட்டிப் பேசினால் தீராத பிரச்சினையே இல்லை என்று போட்டிருக்கிறது.

"கம்பெனிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இதுக்கு எனக்கு மார்க் போடுவாங்க. அவ்வளவுதான்," என்றாள்.

சுடலைமணி எழுந்தார். "மார்க்கு லைனுக்கா? வீடு வீடாவா?"

"எனக்கு மாமா."

"எங்க வீட்டை வச்சுத்தான ஒனக்கு மார்க்கு? கற்பகம் வீட்டுல பின்னால ஒரு ரூம் ஏறிருக்கு. எனக்கு வெறும் தாழ்வாரம். அப்ப அவளுக்கு மார்க்கு ஜாஸ்தி, எனக்குக் கம்மியா?"

"ஐயோ, அப்படியில்ல..."

"எப்படியில்ல? சொல்லு, எத்தனை அடிக்கு எத்தனை மார்க்கு?"

அந்த நேரம் பார்த்து ஜோமோன் பைக் மேல்ரோட்டில் போனது. கற்பகம் எழுந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் குரலை உயர்த்தினாள். "சரிட்டி, வெளிய சொல்லக்கூடாதுன்னா சொல்லல! நாங்க ஒண்ணும் கேக்கல! நீ படிப்புக்குத்தான் அளக்கே!"

"படிப்புக்குத்தான் அத்தே!"

"அதைத்தான நானும் சொல்லுதேன்!"

எந்தக் கூட்டத்திலும் வாயே திறக்காத கத்தரீனாள் சித்தி மட்டும் எழுந்து வந்து மோனிஷா கையில் பால் விடாத கட்டன் சாயா ஒரு கிளாஸ் கொடுத்தாள். இந்த லைனில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் என்று மோனிஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலை லைனில் சுத்தியல் சத்தம் சேவலுக்கு முன்னால் கேட்டது. இனிமேல் வாயால் சொல்லிப் பயனில்லை. கோயிலுக்கு வெள்ளையடித்த மிச்சச் சுண்ணாம்பு ஒரு வாளி இருந்தது. மோனிஷா அதைக் கரைத்து, லைனைச் சுற்றி, தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி நாலு பக்கமும் வெள்ளைக்கோடு போட்டாள்.

"இந்தக் கோட்டுக்கு வெளிய ஒரு பலகை வரக்கூடாது. வந்தா நான் எழுத மாட்டேன்."

"கோட்டுக்கு வெளிய வரக்கூடாது," என்றார் சுடலைமணி.

"வரவே கூடாது."

"உள்ளே?"

மோனிஷா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வெள்ளைக்கோட்டைப் பார்த்ததும் ஜோமோன் பைக்கை விட்டு இறங்கினார். இந்தத் தடவை தொப்பியையும் கழற்றினார்.

"மேடம், நம்ம குவார்ட்டர்ஸும் அளக்குமோ?"

"இல்ல சார். லைன் மட்டுந்தான்."

"அல்ல, சும்மா கேட்டதாணு. பின்னால ஒரு சின்ன ஷெட் உண்டு. அது பழசாணு, கேட்டோ. ரொம்பப் பழசு." நெற்றியைத் துடைத்துக்கொண்டு, போகும்போது சுடலைமணியின் ஏணியைக்கூட ஒரு கை பிடித்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் லைன் வெள்ளைக்கோட்டில் போய் நின்றது. ஓர் அங்குலம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கம்பெனி கட்டிய பழைய சுவர்களில்கூட அத்தனை நேர்த்தி கிடையாது. "கோட்டை மிதிக்கல பாத்துக்கோ," என்று கற்பகம் பெருமையோடு காட்டினாள். மோனிஷா அழுகையை அடக்கிக்கொண்டு நாள் முழுக்க அளந்தாள். டிசைன் என்று ஒரு கோடுகூட வரையவில்லை. 'இடங்கள் மனிதரோடு பேச வேண்டும்' என்று கருத்துரையின் முதல் வரியை மட்டும் எழுதிவைத்திருந்தாள். இங்கே இடங்கள் பேசுவதை எங்கே நிறுத்துகின்றன?

சனிக்கிழமை ராஜசேகர் சார் ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கியதும் டேப்பை எடுத்தார். கற்பகம் வீடு சரி. சுடலைமணி வீடு சரி. ஒவ்வொரு வீடாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். மோனிஷாவுக்கு மூச்சு சீராக வர ஆரம்பித்தது. ஒன்பது வீடு முடிந்தது. பத்தாவது வீடு அவளுடையது. அதை அளக்கவே இல்லை. பிறந்த வீட்டை யாராவது அளப்பார்களா? மனசிலிருந்தே வரைந்திருந்தாள்.

சார் அடுப்படியைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தார்.

அங்கே சிமென்ட் ஈரம் காயாமல் ஒரு கழிவறை இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த கதவு. உள்ளே ஒரு வாளி, வாளிக்குள் புது பிளாஸ்டிக் மக். பக்கத்தில் மாரித்தாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உன் வரைபடத்துல இது இல்லையேம்மா?" என்றார் சார்.

"சார்... அது... நேத்து வரைக்கும்..." மோனிஷா திங்கட்கிழமைத் தாளையும் வெள்ளிக்கிழமைத் தாளையும் ஒன்றாக அவர் காலடியில் போட்டுவிட்டு, வந்தது வரட்டும் என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். "நான் எதையும் டிசைன் பண்ணல சார். நான் அளந்தேன், அது வளந்துச்சு. நான் நிறுத்தச் சொன்னேன், இன்னும் வளந்துச்சு."

சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது இருந்தது. இது டிசைன்," என்றார் மெதுவாக. "ஒரே வாரத்துல கட்டியும் காட்டிட்டே. அப்புறம் 'நான் எதுவும் பண்ணலை'ன்னு வேற சொல்றே. இந்த அடக்கம்தாம்மா ஆர்க்கிடெக்டுக்கு முதல் தகுதி. வகுப்புலயே முதல் மார்க் உனக்குத்தான்."

"இல்ல சார், நெசமாவே நான் ஒண்ணும்..."

"பார்த்தியா, திரும்பவும் அடக்கம்!" என்று தோளில் தட்டிவிட்டு, புதுக் கழிவறையைப் பல கோணங்களில் போட்டோ எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினார்.

ஜீப் போனபிறகு மோனிஷாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. குற்ற உணர்ச்சிதான் வந்தது. பாவம், கம்பெனி வீடு தரும் என்று நம்பி, கையிலிருந்ததையெல்லாம் போட்டுக் கட்டிவிட்டார்கள். நாளைக்கு விஷயம் தெரிந்தால்? கம்பெனி எல்லாவற்றையும் இடித்தால்? முதல் மார்க்கை எந்த முகத்தோடு வாங்குவது? வாசலில் கொழுந்துப் பையைத் தைத்துக்கொண்டிருந்த கத்தரீனாளிடம் போய் உட்கார்ந்து உடைந்து அழுதாள்.

"சித்தி, உங்க எல்லாரையும் நான் ஏமாத்திட்டேன். கம்பெனி என்னை அனுப்பல. புது வீடு, நஷ்டஈடு ஒண்ணும் வராது. ஜோமோன் சாருக்குத் தெரிஞ்சா நாளைக்கே எல்லாத்தையும் பிடுங்கிருவாரு."

கத்தரீனாள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள். "எப்படிப் பிடுங்குவான்? ஒரு வாரமா கண்ணால பாத்துட்டு ஏன் சும்மா இருந்தேன்னு கம்பெனி அவனைக் கேக்காதா? ஏணியை வேற பிடிச்சிருக்கான்."

"ஆனா நீங்கள்லாம் நான் சொன்னதை நம்பலயே சித்தி. படிப்புக்குத்தான்னு தொண்டை கிழியக் கத்தினேனே!"

முதல் தடவையாகக் கத்தரீனாள் வாய்விட்டுச் சிரித்தாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அட கோட்டிப்புள்ள, நாங்க மொத நாளே நம்பிட்டோம்டி, ஜோமோன் சாரும் நம்பிறக்கூடாதேன்னுதான் பத்து வீடும் ஒரு வாரமா நம்பாத மாதிரி நடிச்சோம்."