தங்கச்சி ஜாதகத்தில் ஐந்து கறுப்புக் கட்டங்கள்

புதிதாக ஒரு செயலியைப் போனில் ஏற்றும்போது பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக நிபந்தனைகள் வருமே, அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஆள் நான். படித்து முடித்துவிட்டுத்தான் ‘சம்மதம்’ என்பதைத் தொடுவேன். (பெரும்பாலும் தொடவே மாட்டேன்.) இதை வெளியாட்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சட்டென்று ஒரு அமைதி வரும். பிறகு அம்மா மெதுவாகச் சொல்வாள்: “அன்னிக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சான்.”

பாபநாசம் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடுகிற குடும்பம் எங்களுடையது. அப்பாவின் கையெழுத்து ஏறக்குறைய ஓர் ஓவியம். நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு இரண்டு நிமிடம் வரைவார். அந்த வம்சத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கம்ப்யூட்டர் டிப்ளமோ வரை போன முதல் ஆள் நான். முதல் ஆளாகப் படிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நாம் சொல்வது தப்பு என்று சொல்ல வீட்டில் யாருக்கும் தைரியம் வராது.

தஞ்சாவூரில் படிக்கும்போது கட்டற்ற மென்பொருள் என்ற விஷயம் எனக்கு அறிமுகமானது. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். சாமி வந்தவன் மாதிரி ஊருக்குத் திரும்பினேன். வரப்பில் நின்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன்.

“நம்ம வாய்க்கால் மாதிரிதாம்ப்பா இது. யாருக்கும் தனிச் சொந்தம் கிடையாது. எல்லாரும் சேந்து தூர் வாருறோம், எல்லாருக்கும் தண்ணி பாயுது. கம்பெனிக்காரன் மென்பொருள்ல மதகுச் சாவி அவன் கையில இருக்கு. நெனச்சா அடைப்பான்.”

அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசித்தார். “எல்லாரும் சேந்தா தூர் வாருறோம்? போன வருசம் நானும் உன் சித்தப்பனும் மட்டும்தானடா வாருனோம்?”

(கட்டற்ற மென்பொருள் உலகத்திலும் அதே நிலைமைதான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.)

அதற்கப்புறம் வீட்டில் சீர்திருத்தங்கள் தொடங்கின. எல்லாப் போன் கேமராக்களின் மேலும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினேன். அம்மா தன் போனைத் தூக்கிப் பார்த்து, “எங்கடா விழுந்துச்சு?” என்று பதறினாள். சிங்கப்பூரில் இருக்கிற சின்னச் சித்தப்பா வீடியோ காலில் வந்தபோதெல்லாம், “என்னண்ணே, அங்க எப்பப் பாத்தாலும் கரண்டு இல்லையா?” என்று வருத்தப்பட்டார்.

“நாம பேசுறதையெல்லாம் கம்பெனிக்காரன் ஒட்டுக் கேக்குறாம்மா” என்று ஒருநாள் எச்சரித்தேன்.

“கேட்டா கேக்கட்டும். நான் பேசுறத இந்த வீட்டுல வேற யாரு கேக்குறா?” என்றாள்.

இந்த நேரத்தில்தான் தங்கச்சி கலைச்செல்விக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். கலை கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். தரகர் ராமலிங்கம் அவளுடைய படம், ஜாதகம், போன் நம்பர் மூன்றையும் வாங்கிக்கொண்டு போனார். இந்தக் காலத்துத் தரகருக்கு டைரியும் குடையும் தேவையில்லை. ஐம்பது வாட்ஸப் குழுக்கள் போதும். மூன்றாம் நாளிலிருந்து கலைக்கு முன்பின் தெரியாத ஆட்கள் போன் போட ஆரம்பித்தார்கள். ஒருவன், “போட்டோவுல பவுடர் போட்டிருக்கீங்களா, இல்ல கலரே அதானா?” என்று கேட்டிருக்கிறான்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்காமல் என்னிடம் கேட்டாள். “அண்ணே, என் நம்பர் எத்தன பேருகிட்ட இருக்கும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருஷம் படித்தேன் என்று தோன்றியது. (இப்படித் தோன்றும்போதெல்லாம் யாராவது என்னைக் கட்டிப் போட்டிருக்க வேண்டும்.)

அதற்கடுத்த வாரம் ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை தினேஷ், கும்பகோணத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். தன் அம்மாவின் சர்க்கரை அளவைப் பார்க்க மாதாமாதம் கலை வேலை செய்கிற இடத்துக்கு வருகிறவர். அம்மாவுக்கு ஊசி குத்தும்போது அவர்தான் கண்ணை மூடிக்கொள்வாராம். இதைச் சொல்லும்போது கலை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “இந்த எடம் அமைஞ்சா நல்லாருக்கும்ணே” என்றாள். அவள் வாயைத் திறந்து எதையும் கேட்கிற பெண்ணில்லை.

“பையனோட தாய்மாமா நம்பர் தரேன், ஜாதகத்த நல்லா தெளிவா எடுத்து அனுப்பு தம்பி” என்றார் ராமலிங்கம்.

தெளிவாக அனுப்புவதா? ஜாதகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறந்த தேதி, நேரம், ஊர், அப்பா பெயர், அம்மா பெயர், தாத்தா பெயர். வங்கிக்குப் போன் போட்டால் நாம் நாம்தானா என்று சோதிக்க இதைத்தானே கேட்கிறார்கள்! ஒரு பெண்ணின் மொத்தச் சாவிக்கொத்தையும் மஞ்சள் தடவி ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்கிறோம். தகவல் பாதுகாப்பில் ஒரு விதி உண்டு: எதிராளிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். ஜோதிடருக்குத் தேவை கட்டம். ஆகவே கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கணினியில் கறுப்படித்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கட்டத்தை வைத்தே பிறந்த தேதியைக் கண்டுபிடித்துவிட முடியுமோ? ஒரு கட்டற்ற ஜோதிட மென்பொருளை இறக்கி, நானே தாக்குதல் நடத்திப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் கலையின் பிறந்த நாள் வந்து விழுந்தது! சனியும் குருவும் ராகுவும் கேதுவும் மெதுவாக நகர்கிற கிரகங்கள்; அவை எங்கே நிற்கின்றன என்று தெரிந்தால் வருஷம் தெரிந்துவிடும். செவ்வாயைச் சேர்த்தால் இன்னும் நெருங்கிவிடலாம். சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன் வேகமாகச் சுற்றுகிறவை. தனியாக விட்டால் வருஷத்தைக் காட்டிக் கொடுக்காது.

ஆகவே மிகுந்த தொழில்நுட்பக் கவனத்தோடு செவ்வாய், சனி, குரு, ராகு, கேது இருந்த ஐந்து கட்டங்களையும் முழுக்கக் கறுப்பாக்கினேன்.

கல்யாணம் பேசுகிற தமிழ்நாட்டில் ஒருவன் எந்தெந்தக் கிரகத்தை மறைக்கவே கூடாதோ, சரியாக அவற்றை மட்டும் பொறுக்கி மறைத்திருந்தேன். அது எனக்கு உறைக்கவில்லை. என் கண்ணுக்கு அது கணக்காகத் தெரிந்தது.

கடைசியில் ஒரு ஒப்புதல் படிவமும் சேர்த்தேன். ‘இத்தகவலைத் திருமண நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்துவேன். நோக்கம் நிறைவேறாவிட்டால் ஏழு நாட்களில் அழித்துவிடுவேன். மீறினால் சட்டப்படியான நடவடிக்கைக்கு உட்படுவேன்.’ கீழே மாப்பிள்ளை வீட்டார் கையெழுத்துப் போட ஒரு கோடு. கோப்புக்கு இருபத்தொரு எழுத்தில் கடவுச்சொல், நடுவில் இரண்டு ஆச்சரியக்குறி. அனுப்பிவிட்டு, சாதித்த களைப்போடு ஒரு காப்பி குடித்தேன்.

மறுநாள் காலை ராமலிங்கம் வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

“தம்பி, முப்பது வருசமா தரகு பாக்குறேன். செவ்வாய எடம் மாத்திப் போட்டவனப் பாத்திருக்கேன். பொறந்த நேரத்த முன்ன பின்ன தள்ளுனவனப் பாத்திருக்கேன். மொத்தக் கிரகத்துக்கும் தார் பூசி அனுப்புனவன இன்னிக்குத்தான் பாக்குறேன்!”

பிறகு நடந்ததைச் சொன்னார். தாய்மாமாவால் அந்தக் கடவுச்சொல்லை அடிக்க முடியவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் பெரிய திரையில் திறந்திருக்கிறார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். (உலகத்திலேயே மிக அதிகம் பேர் பார்த்த ரகசிய ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.) கறுப்புக் கட்டங்களைப் பார்த்து ஒருவர் செவ்வாய் தோஷம் என்றார். இன்னொருவர் தேதியை மறைத்ததால் பெண்ணுக்கு நாற்பது வயது என்றார். அதற்குள் கடைக்காரர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, “சட்ட நடவடிக்கை” என்ற வரியை உரக்கப் படித்தார். பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகி, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது என்று அங்கேயே தீர்மானமாகிவிட்டது.

“மாமாக்காரரு வேண்டாம்னுட்டாரு” என்றார் ராமலிங்கம்.

அப்பா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. படித்தவன் செய்ததை எப்படித் திட்டுவது என்று தெரியாமல் அவர் விழித்ததுதான் தாங்க முடியவில்லை.

கலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். “இத எனக்காகச் செஞ்சியா, ஒன் கொள்கைக்காகச் செஞ்சியாண்ணே?” என்று கேட்டாள். “எனக்காகன்னா, என்னைய ஒரு வார்த்த கேட்டிருப்பியே.”

அத்தனை கம்பெனிகளும் நம்மைக் கேட்காமல் எல்லாம் செய்கின்றன என்று ஊரெல்லாம் முழங்கியவன் நான்.

“இப்பக் கேக்குறேன்” என்றேன். “நான் நேர்ல போயி அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லட்டுமா? அந்தப் போன் விசயத்தையும்?”

டப்பாவைப் பைக்குள் வைத்தாள். “சொல்லு. ஆனா பாடம் எடுக்காத.”

அசல் ஜாதக நோட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினேன். கடையில் தினேஷ் தரையில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்டூலில் அவர் அம்மா. நான் யார் என்று சொன்னதும் கம்பி நின்றது.

“உக்காருங்க தம்பி” என்றார் அந்த அம்மா. மரியாதையாகத்தான் சொன்னார், குரலில் ஈரமில்லை.

நான் ஆரம்பித்தேன். பாடம் எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ‘பன்னாட்டு நிறுவனங்கள்’ என்ற சொல் எப்படியோ முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது. தினேஷ் கண்ணை மூடிக்கொண்டார், ஊசி குத்தும்போது மூடுவது போலவே. நிறுத்திக்கொண்டேன். கலைக்கு வந்த போன்களைப் பற்றி மட்டும் சொன்னேன். கலர் கேட்டவனைப் பற்றிச் சொன்னேன். அதனால் எனக்குப் புத்தி கலங்கிப்போய் இப்படிச் செய்தேன் என்றேன்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. “கலர் கேட்டவன் நம்பர் இருக்கா?”

“எதுக்கும்மா?”

“நான் பேசிக்கிறேன். இருக்கா?” பிறகு மகனைப் பார்த்தார். “இவன் போட்டோவையும் அந்த ராமலிங்கம் ஊர் பூரா சுத்த விட்டிருக்கான் தம்பி. ஏதோ ஒரு குரூப்புல ஒருத்தி, மாப்பிள்ளைக்கு நெத்தி தலைக்குப் பின்னாடி வரைக்கும் போகுதுன்னு எழுதிருக்கா. எங்க சொந்தக்காரங்களே எடுத்து எனக்கு அனுப்புறாங்க.”

தினேஷின் கை தன்னிச்சையாகத் தலைக்குப் போனது. “அம்மா, அத ஏம்மா இவருகிட்ட...”

“இருக்கிறதத்தானடா சொல்றேன்.”

தினேஷ் தலையிலிருந்து கையை எடுத்தார். “அந்தப் படத்த இனிமே அழிக்க முடியாதுல்ல?” என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். என் பத்துப் பிரசங்கமும் சொல்லாததை அந்த ஒரு கேள்வி சொல்லிவிட்டது.

“ஜாதகத்தக் குடுங்க தம்பி” என்றார் அந்த அம்மா. பையிலிருந்து எடுத்தேன். கொடுக்கவில்லை. கை அதுவாகவே இறுக்கிப் பிடித்துக்கொண்டது. “போட்டோ மட்டும் எடுக்காதீங்கம்மா” என்றேன். மானம் போன பிறகும் கொள்கை போகவில்லை.

அவர் முதல்முறையாகச் சிரித்தார். “எடுக்கல. ஜோசியரு அடுத்த தெருதான். நீங்களே கையில வெச்சுக்கிட்டு வாங்க. பாத்துட்டு உங்க கையிலயே குடுத்துடறோம்.”

இருபத்தொரு எழுத்துக் கடவுச்சொல்லை வைத்து என்னால் செய்ய முடியாததை அவர் அந்த ஒரு பேச்சில் செய்தார்.

ஜோதிடர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். “அந்தக் கிரகத்தையெல்லாம் அழிச்ச தம்பி நீதானா?”

“ஆமாங்க.”

அரை மணி நேரம் கூட்டிக் கழித்தார். கடைசியில் நிமிர்ந்தவர், “செவ்வா சுத்தமா இருக்கு, ராகு கேதுவும் ஒண்ணும் பண்ணல. தங்கமான ஜாதகம். இத ஏம்ப்பா மறைச்சே?” என்றார். மறுபடி விளக்க வாயைத் திறந்தேன். தினேஷ் என் தொடையில் கையை வைத்து அழுத்தினார். எங்கள் உறவு அந்த அழுத்தத்தில்தான் தொடங்கியது.

கல்யாணம் அடுத்த முகூர்த்தத்தில் நடந்தது. தாய்மாமா மட்டும் தாலி கட்டும் வரை என்னைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையில் மாப்பிள்ளை வீட்டார் கறுப்புத் துணியில் சின்னத் துண்டு வெட்டி, என் வாயில் ஒட்டப் பார்த்தார்கள். ராமலிங்கம் இப்போது படத்தை அனுப்பும் முன் பெண்ணைக் கேட்கிறாராம். எல்லாரையும் அல்ல, எங்கள் தெருவில் மட்டும். ஒரு தெருவில் தூர் வாரியாயிற்று என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு காலையில் தினேஷ் போன் போட்டார். “மச்சான், கொழந்த பொறந்திருச்சு.”

நான் கத்தினேன். அப்பா வயலிலிருந்தே என்ன என்ன என்று கேட்டார். “பையனா, பொண்ணா மாப்பிள்ள?” என்றேன் போனில்.

“இருங்க, ஒங்க தங்கச்சி பேசணுமாம்.”

கலையின் குரல் சோர்ந்திருந்தது. சிரிப்பு மட்டும் தெளிவாகக் கேட்டது. “அதெல்லாம் போன்ல சொல்றதில்லண்ணே. போட்டோவும் எந்தக் குரூப்புக்கும் வராது. வேணும்னா நேர்ல வந்து பாத்துக்க.”

“தேதி, நேரமாவது...”

“கறுப்படிச்சு அனுப்புறேன்.”

சட்டையை மாற்றிக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன விசேஷம் என்று கேட்டார். தங்கச்சிக்குக் குழந்தை என்றேன். என்ன குழந்தை என்றார்.

“தெரியாதுங்க” என்றேன், பெருமையாக.