நீ மாற்றிவைத்த தெரமின் குறித்து

பிரிக்ஃபீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி யுகேந்திரனுக்கு,

அண்ணி லோகேஸ்வரி எழுதுவது. இங்கு நானும் உன் அண்ணனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். கிள்ளானில் நீயும் விஷ்ணுப்ரியாவும் அப்படியே இருக்க வேண்டும். வாட்சாப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். என் தெரமின் வாத்தியத்தில் நீ செய்த மாற்றத்தை வந்து கழற்றிக்கொண்டு போ. எனக்குப் பழைய பெட்டியே போதும்.

கப்பல் ரேடியோ பழுதுபார்க்கிற உன் கையில் கொடுத்தது என் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நான்தான் உன்னிடம் கெஞ்சினேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு கோயிலில் தேவாரம் பாட முடியாமல் போனபோது, குரல் மாதிரியே வழுக்கிப் போகும் வாத்தியம் இது ஒன்றுதான் என்று படித்துவிட்டு வாங்கினேன். தொட வேண்டியதில்லை, நிற்கும் கம்பியை நோக்கிக் கை போனால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். ஆனால் கம்பிக்குப் பக்கத்தில் சுரங்களெல்லாம் காலை நேர ரயில் கூட்டம் போல நெருக்கியடித்து நின்றன, விரலை ஒரு நூல் நகர்த்தினால் இரண்டு சுரம் தாண்டிவிடும், சத்தமோ கொசு பாடுவது போல. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பெட்டிக்குள் புதுக் கம்பிச்சுருள் ஒன்றை வைத்தாய், சுரங்கள் இடம் விட்டு நின்றன, கொசு போய் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவது போல ஒரு தொனி வந்தது. அன்று நான் அழுதேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போகும்போது சுருதிக் குமிழைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஒரு சின்னத் திருகாணியாக வைத்து, உன் பெண்டாட்டியின் நகப் பூச்சை ஊற்றி அடைத்துவிட்டாயே, "அண்ணி, நீங்க திருகித் திருகியே கெடுக்கறீங்க. இனி கை வைக்க முடியாது" என்று. உன் அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதாச்சும் கப்பல் மூழ்கினா அது உன்னாலதான்டா" என்றாரே, ஞாபகமிருக்கிறதா?

அந்த நாற்காலியைத்தான் நான் இரண்டு வருடம் சபித்தேன். ஹாலில் வேறு இடமா இல்லை? ஐந்து மணிக்கு நான் வாசிக்க நின்றால், உன் அப்பா சரியாகக் கம்பிக்கு இரண்டடி தள்ளி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிடுவார். டீக்குக் கை நீட்டினால் சுருதி ஏறும். மோனோரயிலைப் பார்க்கத் திரும்பினால் இறங்கும். "மாமா, அசையாதீங்க!" என்று கத்துவேன். காது கேட்காது. கிட்டப் போய்க் கத்தினால், "நான் என்னம்மா உன் பெட்டி மேலயா உட்கார்ந்திருக்கேன்?" என்பார். "கேட்கவே இல்லைன்னா ஏன் மாமா இங்க உட்காரணும்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "நீ பாடினப்பவும் எனக்குக் கேட்டதில்ல, இதுவும் கேட்கல. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்லா. இங்க காத்து வருது" என்றார்.

நீ வந்துபோன மூன்றாவது வாரம் அவர் போய்விட்டார். ஹாலில் கிடத்தியிருந்தபோது எல்லாரும் அழுதார்கள், நான் மட்டும் கல் மாதிரி நின்றேன் என்று காப்பாரில் இருக்கும் இராஜம்மா அத்தை சொல்லிக்கொண்டு திரிகிறாராம். நான் என்ன நினைத்துக்கொண்டு நின்றேன் என்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அசையாதீங்க, அசையாதீங்க என்று இரண்டு வருடம் கத்தினேன். அன்றைக்குத்தான் கேட்டார்.

பதினாறாம் நாள் நடந்ததை நீயே பார்த்தாய். நாற்காலியில் மாலை போட்ட படம், நான் எதிரே நின்று அவருக்காக ஒரு தேவாரம் எடுத்தேன், முதல் சுரமே ஒரு படி கீழே விழுந்தது, எட்டிப் பிடிக்கப் போனால் மேலே பறந்தது. இராஜம்மா அத்தை, "ஆம்புலன்ஸ் வருதா?" என்றார். அப்புறம், "ஏம்மா, படையல்ல ஈ ஓட்டறியா?" என்றார். நீ மட்டும்தான் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. வளையலைக் கழற்றினேன். குத்துவிளக்கைச் சமையலறைக்கு மாற்றினேன். எர்த் வயரை ஜன்னல் கிரில்லில் கட்டினேன், உன் அண்ணன் அதில் தடுக்கி விழுந்தார். ஃபேனை நிறுத்தினேன். "நான் மூச்சு விடலாமா, இல்ல அதுவும் சுருதியைக் கெடுக்குமா?" என்கிறார். ஒரு மாதமாக ஒரு பாட்டுகூட முழுதாக வரவில்லை. ஒரு குரல் போனதைத் தாங்கிக்கொண்டேன், தம்பி. இரண்டாவதும் போனால் எனக்குத் தாங்காது. கொசுவாக இருந்தாலும் குமிழைத் திருப்பினால் சொன்ன இடத்தில் நின்றதே, அது போதும். ஞாயிற்றுக்கிழமை உன் கருவிப் பெட்டியோடு வந்து அந்தச் சுருளை எடுத்துவிடு. உன் மேல் கோபமில்லை.

விஷ்ணுப்ரியாவுக்கு என் அன்பு. நகப் பூச்சு தீர்ந்திருந்தால் நான் வாங்கித் தருகிறேன். நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

அண்ணி லோகேஸ்வரி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கடைசியாக ஒரு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் வேலைவிட்டு வந்து, காலுறையைக் கழற்ற அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மாமாவுக்குப் பிறகு அதில் யாரும் உட்காரவில்லை, படத்தையும் பதினாறாம் நாளே சுவரில் மாட்டிவிட்டோம். சுரம் ஏறி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. "எழுந்திரிங்க" என்றேன். விழுந்தது. "உட்காருங்க" என்றேன். நின்றது. ஐந்தாவது தடவை, "நான் என்ன லிஃப்டா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

உன் சுருளில் ஒரு குற்றமும் இல்லை, தம்பி. நீ அன்றைக்கு நாற்காலியில் இருந்த அப்பாவையும் சேர்த்துத்தான் சுருதி கூட்டியிருக்கிறாய். நாற்காலியைக் காலியாக வைத்துத் திருகாணியைத் திருப்பினால் பத்து நிமிட வேலை, எனக்கும் தெரியும். இப்போது வேண்டாம். மேலே எழுதியதை விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வா, கருவிப் பெட்டி கொண்டுவராதே. ஜன்னலோரம் உட்கார், டீ தருகிறேன். நீ அசையலாம்.