பிராங்கிளின் போன் செய்த காட்சி

ராயபுரம் உலகுக்கு அளித்த கொடைகள் இரண்டு. ஒன்று, பழைய ரயில் நிலையம். மற்றொன்று, ஸ்டானிஸ்லாஸ் குடும்பத்து மானம். முன்னதற்கு எப்போதாவது வெள்ளையடித்தால் போதும். பின்னதற்குத் தினமும் அடிக்க வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஸ்டானிஸ்லாஸ், எழுபத்தெட்டு வயதிலும் இந்தப் பணிக்கு விடுப்பு எடுத்ததில்லை.

அவர் வீட்டுக்கு ஒரு சினிமாக் குழு வந்தது. முதியவருக்கும் குழந்தைக்கும் இடையே மலரும் 'மாசற்ற' நட்பைப் பற்றிய படம். முதியவர், ஸ்டானிஸ்லாஸ். குழந்தை, மாடியில் குடியிருக்கும் கெங்கம்மாவின் ஒன்பது வயது மகள் எழில்மொழி. அவரை அவள் 'பெர்சு' என்று கூப்பிடுவதும் அவர் முறைப்பதும்தான் நட்பு என்று இயக்குநர் கண்டுபிடித்திருந்தார்.

கதையைக் கேட்டதும் ஸ்டானிஸ்லாஸ் எழுந்து நின்றார்.

"மகன் கைவிட்ட கிழவனா? எங்க பரம்பரையில அப்படி ஒருத்தன் கிடையாது. என் மகன் பிராங்கிளின் கனடாவுலேர்ந்து ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கரெக்டா போன் பண்ணுவான்."

"மகன் கைவிட்டாத்தான் சார் நட்பு வரும்."

"அப்போ நட்பு வேணாம்."

'கதை விவாதம்' நான்கு பிளாஸ்க் டீ வரை நீடித்தது. முடிவில், வருகிற ஞாயிறு பிராங்கிளினின் போனையே படமாக்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

"வரலைன்னா பழைய கதைதான் சார்," என்றார் இயக்குநர்.

ஸ்டானிஸ்லாஸுக்கு ஐந்தாவது பிளாஸ்க் டீ கசந்தது.

ஞாயிறு வந்தது. பூசை முடிந்தது. இஸ்திரி போட்ட சட்டையில், போனுக்கு எதிரே விறைப்பாக உட்கார்ந்தார். கேமரா தயார். மணி எட்டு. ஒன்பது. பத்தரை. பதினான்கு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு, சும்மா கிடந்த ஒரு போனைப் பார்த்தார்கள்.

"அங்கே பனி. லைன் கிடைக்காது."

"இன்னா பெர்சு, ஈஸ்டர்லேர்ந்து பனியே கொட்டிகினு கீதா?" என்றாள் எழில்மொழி.

அவர் முறைக்கவில்லை. சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார்.

"எனுக்கு ஒண்ணுக்கு வர்து," என்று அவள் மாடிக்கு ஓடினாள்.

உடனே போன் அடித்தது. 'கெங்கம்மா மாடி' என்று ஒளிர்ந்த திரையைக் கேமராவுக்குக் காட்டாமல் காதில் வைத்தார்.

"சொல்லுப்பா பிராங்கிளின்."

"மாத்திர போட்டுகினியா பெர்சு?" குரல் போனிலும் மாடிப்படியிலும் சேர்ந்தே கேட்டது. ஒலிப்பதிவாளர் வேறு பக்கம் பார்த்தார்.

"போட்டாச்சு. குளிருக்குக் குல்லா போட்டுக்கோ."

"குல்லாவா! இங்க பேனே ஓடல."

"அப்பாகிட்ட மரியாதையா பேசு."

"செரி. அட்த்த வாரமும் பண்றேன். அயுவாத."

"யாரு அழுதா?"

"கட்!" என்ற இயக்குநர் மூக்கைச் சிந்தினார்.

படம் கனடாவிலும் ஓடியது. பிராங்கிளின் பார்த்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய செய்தி வந்தது: "சூப்பர்ப்பா. நான் போன் பண்ற சீன்ல எனக்கே அழுகை வந்துடுச்சு."

அதை ஸ்டானிஸ்லாஸ் கோயில் வாசலில் எல்லோருக்கும் காட்டினார். குடும்ப மானம் வெள்ளித்திரையிலேயே நிரூபணமாகிவிட்டது. இனி பிராங்கிளின் போன் செய்யவேண்டிய அவசியமே இல்லை.