பல்வலிப் பாட்டின் பக்தர்

மனிதர்களில் பிந்திய பக்தர் என்று ஓர் இனம் உண்டு. பள்ளி வயதில் எந்த இசைக்குழுவைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டாரோ, முன்தலை வழுக்கையான பிறகு அதே குழுவுக்குப் பூசாரியாகிவிடுபவர். ஆரம்பத்திலிருந்தே கேட்டுவருபவர்கள் வெறும் ரசிகர்கள். இவரோ கண்டுபிடித்தவர்.

எங்கள் தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பாருங்கள். சிறுவயதில் இவருக்கும் தங்கைக்கும் ஒரே அறை. தங்கை ஒரு நால்வர் இசைக்குழுவின் கேசட்டைப் போட்டால் போதும், இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிவருவார்.

"அம்மா, நாலு பேருக்குப் பல்வலி! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க!"

வீடே சிரிக்கும். தங்கை சத்தத்தைக் குறைத்தாள். பிறகு டேப் ரெக்கார்டரைத் துணி அலமாரிக்குள் வைத்து, தானும் தலையை உள்ளே விட்டுக்கொண்டு கேட்டாள்.

காலம் பொல்லாதது. சென்ற வருடம் இவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தது. வாயில் பஞ்சு, உறிஞ்சுகுழாய், பல் டாக்டரின் கட்டைவிரல். மூலையிலிருந்த ஸ்பீக்கரில் அதே குழுவின் பாட்டு. கிண்டல் செய்ய வாய் வேண்டாமா? முதல்முறையாக முழுசாகக் கேட்டார். கண்ணில் நீர் வழிந்தது.

"வலிக்குதா சார்?"

தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று இன்றுவரை சொல்வதில்லை.

கொஞ்ச நாள் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருட்டுத்தனமாகக் கேட்டார். பிறகு ஞானம் முற்றிவிட்டது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியில் திணறிக்கொண்டிருப்பவரைப் பிடித்து, டிரம்ஸ்காரர் வேண்டுமென்றே கொஞ்சம் பிந்தி அடிக்கும் நுட்பத்தையும், அதற்காகவே பாடகர் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பதையும், இது இந்த ஊரில் ஒருவருக்கும் புரியாததையும் விளக்கிவிட்டு, "இப்பத் தெரியுதா?" என்பார்.

"எழுத்தே தெரியலை சார்."

அப்போதுதான் செய்தி வந்தது. பிரிந்துபோன குழு மறுபடி சேர்ந்து ஒரே ஒரு நாள் வாசிக்கப்போகிறது. இவர் விசாரிப்பதற்குள் டிக்கெட் தீர்ந்துவிட்டது. தங்கையிடம் இரண்டு இருந்தன. ஓடினார். ஓடியவர் கேட்டிருக்கலாம் அல்லவா? பிரசங்கத்தை ஆரம்பித்தார்.

"அந்த டிரம்ஸைக் கவனிச்சிருக்கியா? நீ அப்பச் சின்னப் பொண்ணு, பிடிபட்டிருக்காது."

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அலமாரிக்குள்ள நல்லாத்தான் கேட்டுச்சு அண்ணா."

இவர் ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"இன்னொரு டிக்கெட்டைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டிருக்காங்க" என்றாள்.

"எனக்குக் குடேன்டி."

"பல்வலி பரவாயில்லையா?"

அவள் இன்னும் ஒரு சட்டையை மடித்தாள். ஒரு போர்வையையும்.

"சரி, வா. ஆனா அங்க வந்து வாயைத் திறக்கக்கூடாது. ஒரு விளக்கமும் எனக்கு வேண்டாம்."

"பாடலாமா?"

அவள் யோசித்தாள். "பாடலாம்."

கச்சேரியன்று தங்கை, சிறுவயதில் அலமாரிக்குள் முணுமுணுத்ததையெல்லாம் சேர்த்துவைத்துத் தொண்டை கிழியப் பாடினாள். சுருதி எங்கேயோ இருந்தது. டிரம்ஸ் பிந்தி விழும் இடம் வந்தது. இவர் விரல் தானாக உயர்ந்தது. அவள் பார்த்தாள். விரலை மடக்கிக்கொண்டு இவரும் பாடினார், அவளைவிட மோசமாக.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதோ, பக்கத்து அறையில் உங்கள் மகள் ஏதோ பாட்டைப் போட்டிருக்கிறாள். "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று கேட்க நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டீர்கள். போய்க் கேளுங்கள், தடுக்கவில்லை.

கடைவாய்ப் பல் மட்டும் பத்திரம்.