ஐம்பத்தோராவது பை

டீசல் புகையும் ஈரக் கயிறும் கலந்த மணம் எங்கே அடித்தாலும் என் காதுமடல் சூடாகிவிடும். கொழும்பு பஸ் நிலையத்தில் அடிக்கும், ஏதோ ஒரு ஜெனரேட்டர் பக்கத்தில் அடிக்கும். உடனே குறிகட்டுவான் இறங்குதுறை, கண்ணைக் கூசும் கடல், தரையில் வரிசையாகப் பைகள், நடுவே திருடனாக நான். (திருடியது சாமான் இல்லை. ஓர் இடம்.)

அண்ணைக்கு நெடுந்தீவில் கலியாணம். எல்லோரும் முதல் நாளே படகேறிவிட்டார்கள். கூறைச்சேலைக்குச் சட்டை தைத்த தையற்காரர் கடைசிவரை இழுத்தடித்ததால், இரண்டையும் வாங்கிக்கொண்டு காலைப் படகில் போய்ச் சேரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாப்பிள்ளை கூறையைக் கொடுத்து, பெண் அதை உடுத்திவந்த பிறகுதான் தாலி. முகூர்த்தமோ பதினொன்றரை. ஒன்பது மணிப் படகை விட்டால் அடுத்தது பின்னேரம். இவ்வளவும் தெரிந்த நான், வேலணை வீட்டுக் கண்ணாடிக்கு முன்னால் தலைமயிரைச் சீவிச் சீவியே முதல் பஸ்ஸை விட்டேன்.

குறிகட்டுவானில் மனிதர்கள் வரிசையில் நிற்பதில்லை, பைகள் நிற்கும். வந்தவர் கடைசிப் பைக்குப் பின்னால் தன் பையை வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடுவார். உரப்பை, பிரம்புக்கூடை, சூட்கேஸ், எல்லாம் மனிதரைவிடப் பொறுமையாக வெயிலில் காயும். காவலுக்கு ஆளில்லை, கயிறில்லை, இலக்கமில்லை. அன்றைய படகில் ஐம்பது பேருக்குத்தான் இடம். எண்ணிப் பார்த்தேன். என் பை ஐம்பத்தோராவது.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், ஏன் பிந்தினீர் என்பார்கள்; தலைமயிரைச் சொல்லவேண்டி வரும். ஆகவே கடலை ரசிப்பவன்போல் நடந்துபோய் (கவிதை எழுதுகிறவனுக்கு இது மட்டும் நன்றாக வரும்), நான்காவதாக இருந்த உரப்பையைக் காலால் பின்னுக்குத் தள்ளி, அந்த இடத்தில் என் பையை வைத்தேன். உரப்பைக்கு உரிய மீசைக்காரர் பார்த்துவிட்டார். பார்த்து, அவரும் கடலை ரசிக்கத் தொடங்கினார்.

பேசியது, சம்பந்தமே இல்லாத ஒருவர். வரிசையில் முதலாவதாக, கூட்டுகிற புதுத் தும்புத்தடி செருகிய பிளாஸ்டிக் வாளி ஒன்று தளபதிபோல் நின்றது. அதன் சொந்தக்காரி மலரக்கா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

"தம்பி, உம்மடை பை இருந்த இடம் அது இல்லை."

"அக்கா, உங்கடை வாளி முன்னுக்குத்தானே நிக்குது. உங்களுக்கென்ன நட்டம்?"

"எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அதாலைதான் நான் கேக்கிறன். அந்தாள் கேட்டால் அது சண்டையெல்லோ."

நான் அசையவில்லை. மலரக்கா வாளியைத் தூக்கினார். நடந்துபோய் வரிசையின் கடைசியில் வைத்தார்.

"இவர் ஏறினால் நான் ஏறேல்லை."

இரண்டாவது ஆள் எழும்பித் தன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். பிறகு மூன்றாவது. பிறகு என் பைக்குப் பின்னால் இருந்தவையும் ஒன்றாக விலகிப் பின்னுக்குப் போயின. ஐந்து நிமிடத்தில் முழு வரிசையும் எனக்குப் பின்னால். எனக்கு முன்னால் கடல் மட்டும். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

படகோட்டி எட்டிப் பார்த்தார். "என்ன, ஒராள்தானோ? இதென்ன மாப்பிள்ளைக் காரே?"

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது. அம்மாவின் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"ஏறிட்டியே? கூறை கவனமடா! அது வராமல் அண்ணை தாலி கட்ட ஏலாது!"

இறங்குதுறை முழுக்கக் கேட்டது. மலரக்கா கிட்ட வந்தார்.

"கூறையே வைச்சிருக்கிறீர்?"

"ஓம் அக்கா."

"அட மோட்டுத் தம்பி! வாயைத் திறந்து சொல்லியிருந்தால் உம்மைத் தூக்கிக்கொண்டு போய் வள்ளத்துக்கை இருத்தியிருப்பமே!"

மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்து, சிரித்துக்கொண்டு படகுப் பக்கம் காலெடுத்து வைத்தேன்.

"எங்கை போறீர்? கூறை வரட்டும். அதுக்குத் தனி இடம் வேண்டாம். நீர் ஐம்பத்தொண்டு."

மீசைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "பாவம் அக்கா, நான் பின்னேரம் வாறன். அவர் போகட்டும்."

"நீர் பேசாமல் ஏறும்! இண்டைக்கு நீர் விட்டால், நாளைக்கு எல்லாரும் காலாலை தள்ளுவினம்."

பைகள் திரும்பவும் பழைய ஒழுங்குக்கு வந்தன. யாருக்கும் தன் இடம் எது என்று சந்தேகம் வரவில்லை. நான் கலியாண வீட்டுக்கு அடையாளம் சொல்லி, பார்சலை மலரக்காவின் கையில் கொடுத்தேன்.

கூறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணையின் கலியாண ஆல்பத்தில் கூறைத் தட்டத்தோடு மணவறையடியில் நிற்பது நானல்ல, வேர்த்த முகத்தோடு மலரக்கா. ஓரத்தில் தும்புத்தடியின் தலையும் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது பாயசக் கிடாரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது பந்தியில் முந்தி உட்கார்ந்தால், அண்ணி கேட்பா: "வாளியைத் தூக்கட்டோ?"

இப்போதெல்லாம் வங்கி வரிசையில் யாரோ யாரையோ முந்தினால், என் இடம் பத்திரமாக இருந்தும், என் கை ஒரு வாளியைத் தேடுகிறது. சத்தம் போட்டுவிடுகிறேன். சில நாள் என் முறையும் தவறிப்போகிறது. அப்போதுதான் விளங்குகிறது, அந்தப் படகில் தன் இடத்தையே போகட்டும் என்று விட்டு, மலரக்கா எவ்வளவு சுலபமாக வாளியைத் தூக்கினார் என்று.

அன்று கயிற்றை அவிழ்த்தார்கள். டீசல் புகை என் முகத்தில் அடித்தது. இறங்குதுறையில் நானும் என் பையும் மட்டும். கூறைப் பார்சலை நெஞ்சோடு அணைத்தபடி, என்ஜின் சத்தத்துக்கு மேலாக மலரக்கா கத்தினார்:

"தம்பி! பையைத் தூக்காதையும், அதிலையே இருக்கட்டும்! பின்னேர வள்ளத்துக்கு நீர்தான் முதல்!"