அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று நான் ஏற்றிய விமானம்

வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் கூடவே ஓர் அறிவாளியும் இலவசமாக வருவான் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் வீட்டுக்கு இலவசமாக வந்த அறிவாளி நான்.

பாகூரில் எங்கள் தெருவின் முதல் கம்ப்யூட்டர் எங்களுடையதுதான். நான் பி.எஸ்சி. படிப்பதாகச் சொல்லிக்கொண்டு அரியர்களைச் சேமித்து வந்த நேரம். "கம்ப்யூட்டர் இருந்தா புள்ள தானா படிப்பான்" என்று உரக்கடையில் யாரோ சொன்னதை நம்பி, கடைக்காரரான என் அப்பா பாண்டிச்சேரியிலிருந்து அதை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். (சீட் அதற்குத்தான். நான் பின்னால் குந்திக்கொண்டு வந்தேன்.) அது இருந்த மூலைக்குச் செருப்போடு போகக் கூடாது. ஜன்னல் திரைத் துணியில் மிச்சம் பிடித்து அம்மா அதற்கு உறை தைத்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் பிளாப்பி போடும் வாய்க்குள் போய்விட, சில வாரம் அது எதையுமே படிக்க மறுத்தது. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

கல்லூரி நண்பன் ஒருவன் கொடுத்த பிளாப்பிகளில்தான் அந்த விமானம் வந்தது. இன்றைய பிள்ளைகள் பார்த்தால் சிரிப்பார்கள். திரையில் பாதி நீலம், பாதி பச்சை. நீலம் வானம், பச்சை பூமி. சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் ஓடுபாதை. நாலைந்து செங்கல்லை நிறுத்தி வைத்ததுபோல் தெரிந்தால் அமெரிக்கா. விமானம் திரும்பும்போதெல்லாம் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும். அது யோசித்து முடித்து அடுத்த படத்தைக் காட்டுவதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

விமானத்தை மேலே ஏற்றுவது சுலபம். ஒரு பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். இறக்குவதுதான் எனக்கு வரவில்லை. மாதக்கணக்கில் ஓட்டியும் ஒரு தடவைகூட நான் அதைத் தரையில் முழுசாக இறக்கியதில்லை. பூமி நெருங்கியதும் மூன்று பட்டன்களைச் சேர்த்து அமுக்கி கம்ப்யூட்டரையே அணைத்து எழுப்பிவிடுவேன். பயணிகளின் பாதுகாப்பில் எனக்கு அவ்வளவு அக்கறை.

இந்த நுணுக்கம் எதுவும் தெரியாத அப்பா, யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் "எம்புள்ள வூட்லயே பிளைட் ஓட்டுறான்" என்று சொல்லி வைத்தார். நானும் மறுக்கவில்லை. பெற்றவர் மனசு நோகக் கூடாதல்லவா.

அப்போதுதான் வில்லியனூரிலிருந்து அக்கா கோமதியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை குமரவேல், திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். அவருடைய அம்மா, தாய்மாமன், இன்னும் ஒரு வேன் நிறைய ஜனம். தவளக்குப்பத்தில் பூ வாங்க நிறுத்தி, நெரிசலில் மாட்டி, தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் பெண்ணைப் பார்த்து, பிடித்திருந்தால் கையோடு தட்டு மாற்றிவிட வேண்டும் என்று பேச்சு.

தாய்மாமன் விமானப்படையில் இருந்து ரிட்டையர் ஆனவர் என்று அறிமுகப்படுத்தினார்கள். அப்பாவின் முகத்தில் விளக்கு எரிந்தது.

"அப்டிங்களா. நம்ம பையனும் பிளைட்தான். டேய், மாமாவுக்கு ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுடா."

"இப்ப வேணாம்பா" என்றேன்.

"பையன் கூச்சப்படுறான்" என்று அப்பா சபைக்கு மொழிபெயர்த்தார்.

எனக்குள் இருந்த அறிவாளி அந்த நேரம் பார்த்து விழித்துக்கொண்டான். உறையை நீக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ஏர்போர்ஸ் மாமா என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். விமானம் ஓடியது, எழும்பியது. பூமி பச்சையாகக் கீழே போனது. யாரோ கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கைதட்டல் அது. (கல்யாணத்தில் தட்டினார்கள், ஆனால் அது என் மனைவிக்கு.)

"ஏத்துறது யார் வேணா ஏத்தலாம் தம்பி" என்றார் ஏர்போர்ஸ் மாமா. "எறக்கு, பாக்கலாம்."

"மாமா, நேரமாவுது. பொண்ண வரச் சொல்லலாமே" என்றேன். தம்பிகள் குடும்பப் பொறுப்போடு பேசும் அபூர்வத் தருணம்.

மாப்பிள்ளையின் அம்மா, அதாவது வருங்காலச் சம்பந்தியம்மா, தலையை ஆட்டினார். "மேல போனது மொதல்ல கீழ எறங்கட்டும்பா. நல்ல காரியம் பேசுறப்ப அந்தரத்துல ஒண்ணு தொங்கிக்கினு இருக்கக் கூடாது. வுழுந்துட்டாலும் அபசகுனம்."

ஆக, என் அக்காவின் கல்யாணம் இப்போது அந்த விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

வழக்கமான மூன்று பட்டன் வைத்தியத்துக்கு வழியில்லை. மாமா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுபாதை எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை. சுற்றினேன். மறுபடி சுற்றினேன். "லெப்டுல ஒடி, லெப்டுல ஒடி" என்று மாமா உத்தரவு போட, ஒடித்தேன். வானம் கீழே வந்து பூமி மேலே போனது. "ம், அப்டித்தான்" என்றார் மாமா. (விமானப்படையில் அவர் போர்வை ஸ்டோருக்குப் பொறுப்பாளராக இருந்தவர் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு அந்த ஹாலில் ஓட்டத் தெரியாதவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு விமானத்தை ஓட்டினோம்.)

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலிலிருந்து என்னைப் பார்த்தாள். நிஜ விமானத்திலிருந்து விழுந்திருந்தாலும் அந்தப் பார்வை அளவுக்கு அடிபட்டிருக்காது.

அப்போது கரன்ட் போனது.

மின்விசிறி நின்றது, டியூப்லைட் அணைந்தது. குலதெய்வம் என்று ஒன்று உண்டு என்று நான் நம்பிய கணம் அது. திரை மட்டும் அணையவில்லை. கம்ப்யூட்டரோடு ஒரு யூபிஎஸ் பெட்டியும் வேண்டும் என்று அப்பாவிடம் அழுது அடம்பிடித்து வாங்கியவன் நானேதான். மேஜைக்கடியில் இருந்த அந்தப் பெட்டி "கீங், கீங்" என்று கத்த ஆரம்பித்தது.

"இன்னாபா சத்தம்?" என்று சம்பந்தியம்மா நெஞ்சில் கை வைத்தார்.

"எஞ்சின்ல கோளாறு" என்றார் மாமா உறுதியாக.

வேர்த்து வழிந்த ஹாலில் இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, பச்சை பூமி திரை முழுக்கப் பெருகி மேலே வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் காபித் தட்டோடு அக்கா வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையக் கனகாம்பரம். காலையிலிருந்து இந்த ஒரு நடைக்காகத் தயாரானவள். அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டை ஏந்தியபடி என் பக்கத்தில் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

தட்டு கொஞ்சமும் ஆடாமல், புடவைக் கொசுவத்துக்குக் கீழே அவளுடைய வலது கால் மட்டும் மெதுவாக மேஜைக்கடியில் போனது. கட்டைவிரலால் யூபிஎஸ் சுவிட்சை ஓர் அமுக்கு.

திரை கருத்தது. சத்தம் நின்றது.

"இன்னாச்சு?" என்றார் சம்பந்தியம்மா.

"எறங்கிடுச்சும்மா" என்றாள் அக்கா.

"நான் பாக்கலியே?"

"எறங்கிட்டா எஞ்சின ஆப் பண்ணிடுவாங்கம்மா. காபி எடுத்துக்குங்க, ஆறிடும்."

எல்லோரும் ஏர்போர்ஸ் மாமாவைப் பார்த்தார்கள். மாமா தொண்டையைச் செருமினார். "ஆமாமா. ரூல்ஸ் அதுதான்."

கரன்ட் இல்லாததால் மறுபடி போட்டுக் காட்டச் சொல்லவும் வழியில்லை. ராகு காலம் வாசலுக்கு வருவதற்குள் தட்டு மாற்றினார்கள். மாப்பிள்ளை மட்டும் ஏனோ தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மேஜைக்கடி நன்றாகத் தெரியும் என்று பின்னால் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். "கால் புடிச்சிருந்துச்சு, சரின்னுட்டேன்" என்பாராம்.

கல்யாணம் முடிந்த கையோடு அக்கா உண்மையைத் தன் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் கோபப்பட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். அவர் சிரித்துவிட்டார். அதனால் இன்றுவரை தீரவில்லை.

போன தை மாதம் அக்கா மகளுக்கு நிச்சயம். எனக்குத் தலை நரைத்துவிட்டது, பெயருக்கு முன்னால் ஒரு பதவியும் இருக்கிறது. புது சம்பந்தி வீட்டாருக்கு உறவுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்த அந்த அம்மாள், எண்பது வயதிலும் தடுமாறாத குரலில், என்னிடம் வந்து நின்று சொன்னார்:

"இவுருதான் என் மருமவளோட தம்பி. பிளைட்ட மேல ஏத்தினாரு, அது பாட்டுக்கு இன்னும் சுத்திக்கினு இருக்குது."